உடம்பை வளைக்காதீங்க, தரையை உயர்த்துங்க: வீட்டு யோகாவுக்கு ப்ராப்ஸ்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வீட்டுல யோகா ஆரம்பிச்சு பத்தே நாள்ல விட்டவங்ககிட்ட ஏன்னு கேட்டுப் பாருங்க. சிலர் நேரம் இல்லன்னு சொல்வாங்க. சிலர், "என் உடம்பு வளையாதுங்க"ன்னு சொல்வாங்க. இன்னைக்கு எபிசோடு அந்த இரண்டாவது பதிலைப் பத்தினது. ஏன்னா அது பெரும்பாலும் சரியான பதில் கிடையாது. உடம்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் பிரச்சினை. அந்தத் தூரத்தை ஒரு போர்வையால குறைக்கலாம்.

முதுகு ஏன் வலிக்குது?

பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்குவோம். காலை நீட்டி உட்கார்ந்து, முன்னாடி குனிஞ்சு பாதத்தைப் பிடிக்கணும். வீடியோல பார்க்க சுலபமா இருக்கும். நாம குனிஞ்சா கை முழங்கால் தாண்டாது. எப்படியாவது தொட்டுடணும்னு இழுப்போம். மறுநாள் இடுப்பு பிடிச்சுக்கும்.

இதுக்குப் பின்னாடி எளிமையான மெக்கானிக்ஸ் இருக்கு. தொடையின் பின்பக்கத் தசைகள் நாம உட்கார்ற எலும்புல ஆரம்பிச்சு, முழங்காலுக்குக் கீழே போய் சேருது. அது இறுக்கமா இருக்கிறப்போ காலை நேரா நீட்டினா, இடுப்பு எலும்பைப் பின்பக்கமா இழுக்கும். இடுப்பு முன்னாடி சாய முடியாது. ஆனா நாம குனிஞ்சே தீருவோம்னு நிக்கிறோம். அப்போ அந்த வளைவு எங்க இருந்து வரும்? கீழ் முதுகுல இருந்து. தொடைக்குப் போக வேண்டிய வேலை முதுகு மேல விழுது.

இப்போ ஒரு போர்வையை மூணு நாலு அங்குல உயரத்துக்கு கெட்டியா மடிச்சு, அதோட விளிம்புல உட்காருங்க. இடுப்பு காலை விட உயரமா வந்ததும், முன்னாடி சாயறது சுலபமாயிடும். ஒரு துண்டை பாதத்தைச் சுத்திப் போட்டு, இரண்டு முனையையும் பிடிச்சுக்கோங்க. முதுகு நீளமா இருக்கிற வரைக்கும் மட்டும் சாயுங்க. ஒரு சாண்தான் சாய முடிஞ்சதா? போதும். இழுவை தொடைக்குப் பின்னாடி தெரிஞ்சா ஆசனம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

சம்மணம் போட்டு உட்கார்றதுக்கும் இதே கணக்குதான். முழங்கால் இடுப்பை விட மேல நின்னா, முதுகு கூன் போடும். முழங்கால் இடுப்புக்குக் கீழ வர்ற வரைக்கும் உட்கார்ற இடத்தை உயர்த்திக்கிட்டே போங்க.

இது ஏமாத்து வேலையா?

"கருவி வெச்சுப் பண்றது உண்மையான யோகாவா?"ன்னு ஒரு தயக்கம் நிறைய பேருக்கு இருக்கு. சபரிமலை ஐயப்பனோட உருவத்தை நினைச்சுப் பாருங்க. குத்துக்கால் போட்டு உட்கார்ந்த நிலை, காலைச் சுத்தி ஒரு பட்டை. அதுக்குப் பேர் யோகபட்டம். ஹம்பியில 1528-ல, கிருஷ்ணதேவராயர் காலத்துல செதுக்கின பெரிய நரசிம்மர் சிலையிலயும் அந்தப் பட்டையைப் பார்க்கலாம். ரொம்ப நேரம் அசையாம உட்காரணும்னா, காலைத் தாங்கற வேலையைத் தசைக்குப் பதிலா துணி செய்யுது. ப்ராப்னா இவ்வளவுதான்.

இதை ஒரு முறையாவே வளர்த்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-ல கர்நாடகாவில் பெல்லூர்ல பிறந்தவர். சின்ன வயசுல மலேரியா, டைபாய்டு, காசநோய்னு அடுத்தடுத்து வந்து ரொம்ப பலவீனமா இருந்தார். மைசூர்ல அக்கா கணவர் கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட யோகா கத்துக்கிட்டு, 1937-ல புனேவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்கே வயசானவங்க, நோயாளிங்கன்னு எல்லாவிதமான உடம்போடவும் ஆட்கள் வந்தாங்க. மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, சுவத்துல கட்டின கயிறுன்னு அவங்களுக்காக அவர் உருவாக்கின பழக்கம்தான் இன்னைக்கு உலகம் முழுக்க யோகா வகுப்புகள்ல இருக்கு.

வீட்டுல இருக்கிறதே போதும்

கடையில வாங்கற பிளாக் சுமாரா 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல தடிமன். படுக்க வெச்சா, பக்கவாட்டுல வெச்சா, நிக்க வெச்சான்னு மூணு உயரம் கிடைக்கும். வாங்க வேண்டாம்னா தடிமனான பழைய புத்தகங்களைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்க. என் இன்ஜினியரிங் புத்தகங்களுக்கு நாலு வருஷத்துல கிடைக்காத மரியாதை இப்போதான் கிடைச்சிருக்கு. திரிகோணாசனத்துல கையைத் தரைக்குக் கொண்டு போகாம, முன்கால் பக்கத்துல இதை வெச்சு அது மேல ஊனுங்க. நெஞ்சு தரையைப் பார்க்கத் திரும்பாம, பக்கவாட்டுல திறந்தபடியே இருக்கும்.

பெல்ட்டுக்கு பருத்தித் துண்டு, இல்லன்னா நீளமா மடிச்ச பழைய வேஷ்டி. வழுக்கற துப்பட்டாவும் இழுபடற எலாஸ்டிக்கும் வேண்டாம்.

போல்ஸ்டருக்கு இரண்டு ஜமுக்காளத்தை இறுக்கமா சுருட்டிக் கட்டுங்க. தலையணை அமுங்கிடும். சவாசனத்துல இதை முழங்காலுக்கு அடியில வெச்சா, கீழ் முதுகு தானா தளரும்.

காசே இல்லாத ப்ராப் சுவர். நின்னு செய்யற ஆசனத்துல பின் குதிகாலைச் சுவத்துல வெச்சா கால் வழுக்காது. காலைச் சுவத்து மேல நீட்டிப் படுக்கற விபரீத கரணி, நாள் முழுக்க நாற்காலியில இருக்கிறவங்களுக்கு நல்ல ஓய்வு.

நாற்காலி, குறிப்பா அம்மா அப்பாவுக்கு

தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதவங்க எல்லா வீட்டுலயும் இருக்காங்க. நாம பாய் விரிக்கும்போது அவங்க ஓரமா நின்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு ப்ராப் இருந்தாதான் யோகாவே உண்டு. கைப்பிடி இல்லாத, கனமான நாற்காலியை யோகா மேட் மேல வெச்சு, முதுகுப் பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்க. வெறும் டைல்ஸ் மேல லேசான பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது, கால் விரிஞ்சு சறுக்கும். பாதம் தரையில முழுசா பதியணும். எட்டலன்னா அடியில புத்தகம். அங்கேயிருந்து பிராணாயாமம், கையைத் தூக்கறது, மெதுவா உடம்பைத் திருப்பறது எல்லாம் பண்ணலாம்.

சில எச்சரிக்கை. சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டையும் ப்ராப் இருக்குன்னு நம்பி வீட்டுல தனியா பழகாதீங்க. உயர் ரத்த அழுத்தம், கிளாக்கோமா இருக்கிறவங்க தலைகீழா வர்ற எந்த ஆசனத்துக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

எப்போ எடுக்கலாம்?

இரண்டு அறிகுறியைப் பாருங்க. ஒண்ணு, மூச்சு தடையில்லாம போகுதா? இரண்டாவது, இழுவை தசையோட நடுவுல தெரியுதா, மூட்டுல குத்துதா? மூச்சு முட்டினாலோ மூட்டுல குத்தினாலோ உடனே வெளிய வந்து, உயரத்தைக் கூட்டிப் பாருங்க. அப்பவும் குத்தினா அந்த ஆசனத்தை விட்டுடுங்க. சில வாரம் சுகமா போனா போர்வையில ஒரு மடிப்பைக் குறைச்சுப் பாருங்க. முதுகு வளைஞ்சா திரும்பப் போட்டுக்கோங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. தொடை எலும்பு இடுப்புக் குழியில உட்கார்ற அமைப்பே ஆளுக்கு ஆள் வேற. எத்தனை வருஷம் பழகினாலும் சிலருக்கு அந்தப் போர்வை வேணும்.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. முதல்ல வெறும் தரையில, அப்புறம் மடிச்ச போர்வை மேல, ஒரு நிமிஷம் சம்மணம் போட்டு உட்காருங்க. முதுகுல என்ன மாறுதுன்னு கவனிங்க.