வட்டையை வானிலிருந்து அளத்தல்

நிலத்தை மூடியிருப்பது எது என்பதை நிலப்போர்வை என்றும், அந்நிலம் எதற்காகப் பயன்படுகிறது என்பதை நிலப்பயன்பாடு என்றும் புவியியலாளர் பிரித்து வழங்குவர். அம்பாறை மாவட்டக் கரையோர ஊரான கல்முனைக்குடிக்கு மேற்கே விரியும் வட்டையில், அதாவது நெல்வயல் வெளியில், புல் மண்டிய காணியொன்று போர்வையால் பசுமை நிலமே. அது தரிசாக விடப்பட்ட வயலா, வீடு கட்டக் காத்திருக்கும் வளவா என்பது பயன்பாடு பற்றிய வினாவாகும். செயற்கைக்கோள் காண்பது போர்வையை மட்டுமே. பயன்பாட்டை ஆய்வாளரே உய்த்துணர வேண்டும்.

1972 இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசையின் இன்றைய கோள்கள், தரையை 30 மீற்றர் பக்கமுள்ள சதுரங்களாகப் பதிவுசெய்கின்றன. படவணு எனப்படும் இச்சதுரம் ஒவ்வொன்றும் காணிக் கணக்கில் ஏறத்தாழ 36 பேர்ச் ஆகும். சிறு வளவுகளில் வீடும் மதிலும் தென்னையும் நெருங்கி நிற்கும் கல்முனைக்குடியில் பல கூரைகளும் மரநிழலும் ஒரே படவணுவுள் கலந்துவிடுவதால், 2015 முதல் இயங்கும் சென்டினல்-2 கோளின் 10 மீற்றர் படம், அதாவது சுமார் 4 பேர்ச் அளவிலான படவணு, இங்கு கூடுதலாக உதவுகிறது. செழித்த இலை செந்நிற ஒளியை உறிஞ்சி அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு தெறிக்க, நீரோ அக்கதிரை ஏறக்குறைய முழுமையாக விழுங்கிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டே பயிரும் நீரும் கட்டடமும் பிரித்தறியப்படுகின்றன.

ஆனால் நெல்வயல் ஆய்வாளரை எளிதில் ஏமாற்றக்கூடியது. பெரும்போக விதைப்பின்போது குளம்போலவும், தை மாதத்தில் அடர்பச்சையாகவும், அறுவடைக்குப் பின் வெறுந்தரையாகவும் தோன்றும் ஒரே வயலை வெவ்வேறு மாதங்களின் படங்களில் ஒப்பிடுபவர், நிகழாத மாற்றத்தை நிகழ்ந்ததாக எழுதிவிடுவார். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே பருவப் படங்களையே ஒப்பிட வேண்டும். மாரி முகில் மறைக்கும் மாதங்களில், முகிலை ஊடுருவும் ராடார் படங்கள் கைகொடுக்கும்.

வயல் குடியிருப்பாகும் மாற்றத்துக்கு இங்கு ஒரு பின்னணி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடலோரத்தை விட்டு உள்நகர்ந்தோருக்குக் குடியிருக்க நிலம் வேண்டியிருந்தது. கிழக்கே கடல் மறித்ததால், எஞ்சியிருந்தது மேற்கே உள்ள தாழ்நிலமே. அத்தேவையின் நியாயத்தை எவரும் மறுக்க இயலாது. எனினும் மண்ணிட்டு நிரப்பப்படும் ஒவ்வொரு வயற்கண்டமும் மாரி வெள்ளம் தங்கிச் செல்லும் இடமொன்றைக் குறைக்கிறது என்பதும் அதே அளவு உண்மையாகும்.

படம் கூறுவதைத் தரையில் சென்று சரிபார்க்கும் களச்சரிபார்ப்பு இன்றி இவ்வாய்வு நிறைவுறாது. எக்கண்டம் எவ்வாண்டு நிரப்பப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் முதிய போடிமார் எனும் நிலக்கிழார்களும் நீர்ப்பாய்ச்சலைக் கண்காணிக்கும் வட்டவிதானைமாரும் இன்னும் ஊரில் உள்ளனர். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களிடம் படங்களைக் கொண்டுசென்று, அந்நினைவுகளைக் காலம் தாழ்த்தாது பதிவுசெய்ய வேண்டும்.