உடைவது கண்ணாடி, கரைவது கைப்பணம்

குவளை ஒன்று கைதவறி வீழ்ந்து உடையுமானால், இல்லத்தரசி சிறிது வருந்திவிட்டு மறுநாள் வேறொன்றை வாங்கிவிடுகிறாள். யன்னற் கண்ணாடி உடைந்தால் தச்சன் வந்து புதியதொன்றைப் பொருத்திச் செல்கிறான். ஆனால், கையடக்கத் தொலைபேசியின் கண்ணாடியில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று கண்டுவிட்டாலோ, அம்மாதத்துக் குடும்பக் கணக்கே குழம்பிவிடுகின்றது. உள்ளங்கையளவு கண்ணாடிக்கு இத்துணைப் பெருந்தொகை ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

கண்ணாடியின் வலிமை

இது சாதாரணக் கண்ணாடியன்று. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது ஐபோனுக்குக் கண்ணாடி செய்தளித்தது அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம். கண்ணாடித் தகட்டை ஏறக்குறைய 400 பாகை வெப்பத்தில் உருகிய பொற்றாசிய உப்பில் அமிழ்த்துவர். அப்போது மேற்பரப்பிலுள்ள சிறிய சோடிய அயன்கள் வெளியேற, அவ்விடத்திற் பருத்த பொற்றாசிய அயன்கள் புகுந்து நெருங்குகின்றன. அந்நெருக்கமே கண்ணாடிக்கு வலுவூட்டுகின்றது. ஆயினும், மூலை படுமாறு சீமெந்துத் தரையில் வீழ்ந்தால் அவ்வலிமையும் தோற்றுவிடும்.

பிரிக்க இயலாப் பிணைப்பு

வெளிக் கண்ணாடி, விரல் தொடுவதை உணரும் படலம், படத்தைக் காட்டும் ஒளித்திரை ஆகிய மூன்றும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருக்கின்றன. படம் தெளிவாகத் தோன்றவும் கருவி மெலிந்திருக்கவும் இப்பிணைப்பு உதவுகின்றது. ஆனால், கண்ணாடி மட்டும் உடைந்தாலும் அதனைத் தனியே கழற்றுதல் எளிதன்று. திரையைச் சூடாக்கி, மெல்லிய கம்பியால் பசையை அறுத்துக் கண்ணாடியைப் பிரிக்கும் கைதேர்ந்த திருத்துநர்களும் உளர். கம்பி சற்றுப் பிசகினால் ஒளித்திரையே பழுதாகிவிடும். எனவே பலர் மூன்றையும் சேர்த்தே மாற்றுகின்றனர். நாம் கொடுப்பது கண்ணாடியின் விலையன்று. நன்றாயிருந்த திரையின் விலையுமாகும்.

முதுகுப்புறம் கற்பிக்கும் பாடம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2017 இல் அமெரிக்காவில் 999 டொலருக்கு விற்கப்பட்ட ஐபோன் எக்ஸின் முன்திரையை மாற்ற, காப்புத் திட்டத்திற் சேராதோரிடம் அப்பிள் நிறுவனம் 279 டொலர் அறவிட்டது. படமோ தொடுதிரையோ இல்லாத முதுகுப்புறக் கண்ணாடி உடைந்தாலோ 549 டொலர்! அக்கண்ணாடி எளிதிற் பிரியாதவாறு உடலோடு பிணைக்கப்பட்டிருந்ததே காரணம். 2022 இல் வந்த ஐபோன் 14 இன் முதுகுக் கண்ணாடியைத் தனியே கழற்றக்கூடியதாக அமைத்தனர். கட்டணம் 169 டொலராயிற்று. அவ்வாறு அமைக்கப்படாத அதே ஆண்டின் ஐபோன் 14 புரோவுக்கோ 499 டொலர். செலவை நிர்ணயிப்பது பெரிதும் கருவியின் அமைப்பே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் நாட்டின் நிலை

இறக்குமதியாகும் உதிரிப்பாகத்தை நம்பியிருக்கும் நமக்கு இச்சுமை இரட்டிப்பாகின்றது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. 100 டொலர் பெறுமதியான திரை 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. பிள்ளையின் பாடமும், கடல்கடந்து வாழும் மகனின் முகமும் அச்சிறு திரையிலேயே வருகின்றன. ஆதலால் இதனை ஆடம்பரச் செலவென்று தள்ளிவிடவும் இயலாது.

மேல்நாடுகள் விழித்துக்கொண்டுள்ளன. 2025 ஜூன் 20 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய தொலைபேசிகளுக்கு, விற்பனை நின்ற பின்னரும் 7 ஆண்டுகள் உதிரிப்பாகம் வழங்கவேண்டுமென விதித்துள்ளனர். நமது நாட்டிலும் இத்தகைய விதி பற்றிச் சிந்தித்தல் நன்று.

நாம் செய்யத்தக்கவை

விளிம்பு உயர்ந்த உறையும், மேலே ஒட்டும் காப்புக் கண்ணாடியும் சிறுசெலவில் பெருஞ்செலவைத் தடுக்க உதவுவன. வெடிப்புக் கண்டதும் படங்களையும் எண்களையும் வேறிடத்திற் பிரதிசெய்து கொள்க. திரை முற்றாக அணைந்தபின் அது கடினம். விரலைக் கீறாதிருக்க வெடிப்பின்மீது ஒட்டுநாடா இடுக. திருத்தக் கடையில், பொருத்தப்போவது அசல் திரையா, மாற்றுத் திரையா என்பதைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்க. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய தொலைபேசி வாங்கும்போது அதன் விலையோடு அதன் திரையின் விலையையும் விசாரித்தல் வேண்டும். இக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால், விற்போரும் செய்வோரும் அதற்கு விடைசொல்லியே ஆகவேண்டும்.