வளர்ப்புப் பாம்புகளும் குடல் ஒட்டுண்ணிகளும்

பூனை, நாய், கிளி ஆகியவற்றைப் போலவே பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்ப்போர் உண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ என்னும் சிறிய மலைப்பாம்பும் அமெரிக்காவைச் சேர்ந்த சோளப்பாம்பும் அவ்வாறு வளர்க்கப்படுகின்றன. வலி எடுத்தால் நாய் முனகும், பூனை கத்தும். பாம்போ நோயுற்றாலும் ஓசையின்றிச் சுருண்டு கிடக்கும். எனவே, அதன் குடலில் ஒட்டுண்ணிகள் பெருகினாலும் பல நாள்களுக்கு வெளியே தெரிவதில்லை.

பிற உயிரின் உடலில் தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று வாழும் உயிர்களை ஒட்டுண்ணிகள் என்கிறோம். உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு ஆகியவை பாம்பின் குடலில் வாழக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத அமீபா போன்ற ஓரணு உயிர்களும் குடலைத் தாக்கும். நோயுள்ள இரை, அசுத்தமான நீர், மலம் படிந்த கூண்டு ஆகியவற்றின் வழி இவை பரவுகின்றன. காட்டில் பிடிக்கப்பட்ட பாம்புகளில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன.

உடல் மெலிதல், உண்ட இரையைக் கக்குதல், மலம் நீர்த்துப் போதல், மலத்தில் சளியோ இரத்தமோ கலந்திருத்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஆயினும், இரை உண்ணாத பாம்புகளுக்கெல்லாம் புழுத்தொல்லை இருப்பதாக முடிவு செய்துவிடக்கூடாது. தோல் உரிக்கும் காலத்திலும் கூண்டில் வெப்பம் குறைந்தாலும் பாம்பு இரையை மறுப்பதுண்டு. மலத்துடன் வரும் சுண்ணாம்பு போன்ற வெண்ணிறப் பொருளும் புழுவன்று. அது பாம்பின் சிறுநீர்க் கழிவாகும்.

உண்மையை அறிய மலப் பரிசோதனை தேவை. புதிய மலத்தைத் தூய்மையான கொள்கலனில் மூடி, ஒரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை அடர்த்தியான உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலப்பார். எடை குறைந்த முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து வகையை அறிவார். பாம்பு விழுங்கிய எலியின் புழு முட்டைகளும் மலத்தில் வெளிவரலாம். அவற்றைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

ஒட்டுண்ணிக்கு ஏற்ப மருந்தும் மாறும். உருளைப்புழுவுக்கு ஃபென்பென்டசோல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல், அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் ஆகியவை பயன்படுகின்றன. பாம்பை எடை போட்ட பின்னரே மருத்துவர் அளவைக் கணக்கிடுவார். மனிதர்களுக்கான பூச்சி மருந்தை ஊகித்துக் கொடுத்தால், அளவு மிகுந்து பாம்பின் உயிருக்கே ஆபத்து நேரலாம். முதல் முறை தப்பிய முட்டைகள் பின்னர் பொரிக்கக்கூடும். அதனால், சில வாரங்களில் மருந்தை மீண்டும் கொடுத்து, மலத்தையும் மறுபடி சோதிப்பர். இரைப்பையைத் தாக்கும் ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்னும் ஓரணு உயிருக்கு மட்டும் உறுதியான மருந்து இல்லை. அது தாக்கிய பாம்பின் நடு உடல் வீங்கக்கூடும். அதைத் தனிமைப்படுத்துவது கட்டாயம்.

நோயைத் தடுக்கும் வழிகள் எளியவை. மலத்தை உடனுக்குடன் அகற்றிக் குடிநீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்குத் தனியே வைக்க வேண்டும். ஆமையுடன் பாம்பைச் சேர்த்து வளர்க்கக்கூடாது. ஆமைக்குத் தீங்கு செய்யாத அமீபா பாம்பைக் கொன்றுவிடும். பாம்பைத் தொட்ட பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியம். ஊர்வன சுமக்கும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா மனிதர்களுக்கும் நோயைத் தரும்.

வாய் திறந்து சொல்ல இயலாத உயிரை வளர்ப்பவர், அதன் எடையையும் மலத்தையும் தவறாமல் கவனிக்க வேண்டும். பாம்பு தன் நோயைத் தெரிவிக்கும் மொழி அதுவே.