விசையும் தொடுதிரையும்

கைப்பேசியில் எழுதப் பொறித்த விசை சிறந்ததா, தொடுதிரை சிறந்ததா? தமிழைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தமிழெழுத்து 247. அவற்றைத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுள் அடக்கிக் காட்டியவர் யாழ்ப்பாணத்து இரா. முத்தையா ஆவார். கைப்பேசியிலோ எழுத்துக்குரிய விசைகள் பத்துக்கும் குறைவு. அவற்றின்மீது பொறித்திருந்தவையும் பெரும்பாலும் உரோமன் எழுத்துகளே. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, அவ்விசைகளைக் கொண்டே தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி பிறந்தது. எனினும் பல எழுத்துகள் ஒரே விசையைப் பகிர்ந்தமையால், அதனைத் திரும்பத் திரும்ப அழுத்த நேர்ந்தது.

2007இல் ஐபோன் வந்தபின் தொடுதிரை பரவிற்று. அதில் விசை வெறும் படமே. ஆதலின் தமிழெழுத்தையே விசையாகக் காட்ட முடிந்தது. குறையும் உண்டு. மேடுபள்ளமற்ற கண்ணாடியில் விரல் தானே இடமறியாது. கண்ணின் துணை வேண்டும். ஆனால் எழுத்துப் பயிலும் பிள்ளைக்கு அது நன்மையே அன்றோ?

சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டின்வழி வந்தது தமிழ்99 விசைமுகம். அதில் 'க', 'இ' இரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டால் 'கி' தோன்றும். உயிர்மெய் பிறக்கும் முறை விரல்நுனியிலேயே விளங்குகின்றது.

இவ்வளவு இருந்தும், 'அம்மா' என்பதை உரோமன் எழுத்தில் அனுப்பும் தமிழ்ப்பிள்ளைகள் பலர். செனாவாங் போன்ற தோட்டப்புற வட்டாரங்களில் மணலில் அகரம் எழுதிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அன்று கருவி தடுத்தது. இன்று பழக்கமே தடுக்கின்றது. பழக்கத்தை மாற்றுதல் ஆசிரியர் கையில் உள்ளது.