ஆகாயத்திலுள்ள பொதுச்சொத்து

கையிலுள்ள செல்போன், மற்றொருவருடைய செல்போனுடன் நேராகப் பேசுவதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. அது பேசுவது அருகிலுள்ள கோபுரத்துடன் மாத்திரமே. அங்கிருந்து நமது குரல் பெரும்பாலும் பூமிக்கடியிலுள்ள கண்ணாடி இழைகளின் வழியாக ஓடி, எதிராளியின் ஊர்க் கோபுரத்தை அடைந்த பின்னரே மறுபடியும் அலையாகிறது. சென்னையிலிருந்து டில்லிக்குப் பேசினாலும் ஆகாய மார்க்கம் என்பது இரு முனைகளிலும் சில மைல் தூரந்தான். சங்கடமெல்லாம் அந்தச் சில மைல்களில்தான் இருக்கிறது.

ஆகாயத்தில் அலைக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். பஞ்சமே. ஓரிடத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடும். 1946-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் மோட்டார் வண்டிகளில் டெலிபோன் வைத்தார்கள். பலம் மிகுந்த அலைபரப்பியைக் கொண்டு நகரம் முழுவதற்கும் அலை பரப்பினார்கள். ஒரே சமயத்தில் பேச முடிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதற்குப் பரிகாரத்தை 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் என்பவர் எழுதிவைத்தார். பலத்தைக் கூட்டாதே, குறை என்பதே அதன் சாரம். நகரத்தைத் தேன்கூடுபோல் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைதோறும் பலம் குறைந்த ஒரு நிலையத்தை நிறுத்தினால், ஓர் அறையில் உபயோகித்த அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள வேறோர் அறையில் தடையின்றி மறுபடியும் உபயோகிக்கலாம். செல் என்ற சொல்லுக்கே அறை என்றுதான் பொருள். பேசிக்கொண்டே ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறவரை என்ன செய்வது? அண்டைக் கோபுரங்களின் அலை பலத்தை அளந்துகொண்டே இருந்து, பலமான கோபுரத்திடம் பேச்சை ஒப்படைக்க வேண்டும். இதை ஒரு நொடிக்குள் செய்துமுடிக்கக் கம்ப்யூட்டர்கள் வேண்டியிருந்தன. ஆகவே யோசனை முப்பது வருஷங்களுக்கு மேல் காகிதத்திலேயே உறங்கிற்று. 1973 ஏப்ரலில் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கருவியைத் தூக்கிக்கொண்டு பேசினார். 1979-ல் டோக்கியோவிலும், 1983-ல் சிக்காகோவிலும் அறை முறை வியாபாரத்திற்கு வந்தது. 1991-ல் பின்லாந்தில் தொடங்கிய முறை, குரலை எண்களாக்கி, ஒரே அலைவரிசையில் எட்டுப் பேர் முறைவைத்துப் பேசும்படி செய்தது.

நமது தேசத்தில் 1995 ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லிக்குப் பேசியதே ஆரம்பம். அந்நாளில் நிமிஷத்திற்கு 16 ரூபாய் வரை கட்டணம். பிறர் அழைத்ததைக் கேட்பதற்கும் காசு கொடுக்க வேண்டும்! கேட்பவருக்குக் கட்டணம் என்ற விநோதம் 2003-ல்தான் ஒழிந்தது.

ஆனால் அதே 1995-ம் வருஷம் பிப்ரவரியில் நடந்ததே நமக்கு அதிக முக்கியமாகத் தோன்றுகிறது. அலைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. அவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. சர்க்காருக்கும் தர்மகர்த்தா ஸ்தானந்தான். 2012-ல் 122 லைசென்ஸுகளை அந்தக் கோர்ட்டே ரத்துசெய்தபோது, தர்மகர்த்தா சொத்தைப் பரிபாலித்த விதம் உலகறிந்ததாயிற்று.

அன்று முதல் ஏலத்தொகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அறை முறையின் மற்றொரு விளைவைக் கவனிப்பாரில்லை. அறைகள் சிறுத்தால் நகரத்திற்கு லாபம். ஆனால் கோபுரமில்லாத ஊருக்கு ஒன்றுமே இல்லை. அலையில் அந்த ஊராருக்கும் பங்குண்டு. எனினும் நடுவே ஒரு மலை நின்றால் அவர்கள் கையிலுள்ள கருவி வெறும் கடிகாரமே. ஜனநெருக்கமுள்ள இடத்தில் கம்பெனிகள் தாமாகவே கோபுரம் எழுப்பும். மற்ற இடங்களுக்காகவே கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் ஒரு நிதிக்காக வசூலிக்கப்படுகிறது. 2002-ல் ஏற்பட்ட அந்நிதிக்கு 2023-ம் வருஷத்துச் சட்டம் டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறது. பெயர் எதுவானாலும் சரி. அதில் எந்த ஜில்லாவுக்கு எவ்வளவு செலவாயிற்று, எத்தனை கோபுரங்கள் எழும்பின, எழும்பியவற்றில் எத்தனை வேலைசெய்கின்றன என்ற கணக்கை ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டிவைக்குமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.