ஓசை அடங்கிய அறை

புதுவை நகரின் நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் காலை முதல் இரவு வரை வாகனங்களின் ஒலி ஓய்வதில்லை. இவ்விரைச்சலின் நடுவே, தம் இல்லத்து அறையொன்றில் ஒலிவாங்கியை வைத்துப் பாடலையோ கதையையோ பதிவு செய்ய விழையும் இளைஞர் இன்று பலர். பதிந்ததைக் கேட்டால், பாட்டினூடே ஆட்டோவின் அலறலும் அடுத்த வீட்டு மிக்ஸியின் ஓசையும் கலந்திருக்கும். உடனே சுவரெங்கும் முட்டை அட்டைகளையோ, கடையில் விற்கும் ஃபோம் தகடுகளையோ ஒட்டத் தலைப்படுகின்றனர். பணம் கரைகிறது, இரைச்சலோ குறைவதில்லை. காரணம் யாது?

இரு வேறு பணிகள்

வெளியோசை உள்ளே புகாது தடுப்பது ஒரு பணி. உள்ளே எழும் ஓசை சுவரில் மோதி எதிரொலியாகாது அடக்குவது மற்றொரு பணி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பிழை. தடுப்பதற்கு வேண்டியது எடை. அடக்குவதற்கு வேண்டியது தடிப்பும் மென்மையும். முட்டை அட்டைக்கு இவற்றுள் எதுவும் போதிய அளவில் இல்லை.

எடையைப் பொறுத்தவரை, பழைய புதுவை இல்லங்களில் வாழ்வோர் பேறு பெற்றோர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் அவர்களுடையவை. அடுக்குமாடி வீடுகளின் நாலரை அங்குலச் சுவருக்கு அவ்வலிமை இல்லை. எனினும் சுவரின் எடையை இரு மடங்காக்கினாலும் ஏறத்தாழ 6 டெசிபெல் அளவே ஓசை குறையும். ஆதலால் முதற்கண் கதவையும் சன்னலையும் நோக்குக. 40 டெசிபெல் தடுக்கும் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருப்பின், அத்தடுப்பு 20 டெசிபெல்லாகச் சரிந்துவிடும். காற்றுக்கெனச் சாய்பலகைகள் பொருத்திய பழைய சன்னல்களின் வழியே வீதி முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. சன்னலுக்குக் கனமான பலகை, கதவின் விளிம்புகளில் ரப்பர் பட்டை, அடியிடுக்கில் துணிச்சுருள்: முதற்செலவு இவற்றுக்கே ஆகுக. வீதியை ஒட்டாத உள்ளறையைத் தேர்வதற்கோ செலவே இல்லை.

மெத்தை கற்பித்த பாடம்

திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் உயர்ந்த கூரையின்கீழ்ப் பாடகர் குழுவின் குரல் நீண்டொலிப்பது இனிமை. சிற்றறையின் எதிரொலியோ பதிவைக் கெடுக்கும். 1895-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மண்டபமொன்றில் எதிரொலியால் பேச்சே விளங்காதிருந்தது. அதைச் சீராக்க முனைந்த வாலஸ் சாபைன் என்னும் இளம் ஆசிரியர், மற்றோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, மெத்தை கூடக் கூட எதிரொலி எவ்வளவு குறைகிறதென அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் அறிவியல் இவ்வாறு மெத்தையிலிருந்தே பிறந்தது!

நம் இல்லத்திலும் இலவம் பஞ்சு மெத்தையும், தடித்த ஜமக்காளமும், மடித்த போர்வைகளும் உள்ளன. பாடுபவரின் பின்னும் இரு பக்கங்களிலும், சுவரைவிட்டுச் சற்றே தள்ளி இவற்றைத் தொங்கவிடுக. ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்து, பதிவின்போது மின்விசிறியை நிறுத்துக. பாதி அருகில் சென்றால் குரல் 6 டெசிபெல் ஓங்கும். சுவரை இரு மடங்காக்கும் பயன் செலவின்றிக் கிட்டுகிறது.

மறக்கலாகாத எச்சரிக்கை

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், இசையரங்கொன்றின் இரைச்சலைக் குறித்து அயலார் முறையிடவே, மலிவான ஃபோம் சுவர்களில் ஒட்டப்பட்டது. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று மேடை வாணத்தின் பொறி அதில் பற்றியது. மாண்டோர் 100 பேர். மலிவான ஃபோமும் முட்டை அட்டையும் எளிதில் எரிபவை; ஃபோமின் புகையோ கொடிய நஞ்சு. துணியும் எரியக்கூடியதே. ஆகவே மின்கம்பியும் சூடேறும் விளக்கும் அவற்றைத் தீண்டலாகாது. கதவு உட்புறத்திலிருந்து எளிதில் திறக்க வேண்டும். பதிவு முடிந்ததும் சன்னலைத் திறந்து கடற்காற்றை உள்ளே விடுக. இன்றேல் ஈரத்தில் பூஞ்சை படரும்.

பிள்ளைகள் கடன் கேட்டு வருமுன், பெற்றோர் அவர்களோடு அவ்வறையில் விளக்கணைத்துச் சற்றே அமர்ந்து, வெளியொளி எவ்விடுக்கில் கசிகிறதெனப் பாருங்கள். ஒளி நுழையும் வழியே ஒலியும் நுழையும். அவ்விடுக்கை அடைத்த பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.