சிதறாலில் புத்தரைத் தேடுவது பற்றி

குமரி மாவட்டத்தில் பௌத்தத் தலம் பார்க்கணும் என்று வருகிற தோழர்களை நான் சிதறாலுக்குத்தான் கூட்டிப்போகிறேன். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போல. வெயில் தாழ ஏறினால் மேலே கூட்டமிருக்காது. காற்றும் கீழே தென்னந்தலைகளும்தான். பாறையில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களைக் கண்டதும் பாதிப்பேர் 'புத்தர்!' என்று நின்றுவிடுகிறார்கள்.

புத்தர் இல்லை. சொன்னால் முகம் வாடிப்போகிறது. அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது 1898இல். அவர் எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து தொகுப்பாக வந்தது 1999இல். அதன்பிறகு 'பூர்வ பௌத்தர்' என்கிற வாசிப்பு தலித் அரசியலுக்குள் புது வலுவோடு இயங்குகிறது. அந்த வாசிப்புக்குத் தொட்டுப்பார்க்க ஒரு கல் வேணும் என்கிற ஏக்கம் நியாயமானதுதான். அதற்காகக் கல்லில் இருப்பதைப் பார்க்காமல் விட முடியுமா?

புத்தர் உருவத்தில் இடத்தோளை மூடிய சீவர ஆடை இருக்கும். உச்சியில் ஞானமுடி எழும்பி நிற்கும். இங்குள்ள தீர்த்தங்கரர்களுக்கு ஆடை கிடையாது; தலைக்குமேல் முக்குடை. ஆளை ஏமாற்றுவது பாம்புதான். முசலிந்த நாகம் புத்தருக்குக் குடைபிடித்த கதை எல்லோருக்கும் தெரியுமே! சிதறாலில் நாகப்படத்தின் கீழ் அம்மணமாக நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்தோடு இருப்பவள் அம்பிகை யட்சி.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால், "அது பகவதி அம்பலமாக்கும்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. சமணப்பள்ளி பிற்காலத்தில் பகவதி கோயிலானது. நம்மாட்கள் இப்போது அதைப் புத்தருக்கு மாற்றினால், அன்று நடந்த அதே காரியம் இன்னொருமுறை நடக்கும். அழிவது ஒரு பெண்ணின் பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்துமலைப் படாரியாருக்குப் பொன்னணி கொடுத்த செய்தி அதில் வருகிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் வருஷத்துக்குமுன் ஒரு துறவிப்பெண் தன் பெயரில் கொடை எழுதிவைத்திருக்கிறாள். பெண்களின் வரலாறு பற்றி இத்தனை கருத்தரங்கு நடத்துகிற நாம் இவளைப் பேசியிருக்கிறோமா?

நாகர்கோவில் நாகராஜா கோயிலும் இப்படித்தான். மண்டபத் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட கமலவாகன பண்டிதர், குணவீர பண்டிதர் என்ற சமணர் பெயர்கள் அங்கே கல்வெட்டில் வருகின்றன.

அப்படியானால் பௌத்தம் இந்தப் பக்கம் வரவேயில்லையா? வந்திருக்கிறது, செப்பேட்டில். அதே விக்கிரமாதித்திய வரகுணன் ஸ்ரீமூலவாசம் பௌத்தக் கோயிலுக்கு நிலம் விட்டதைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. புத்தரை வணங்கித்தான் அது தொடங்குகிறது. சமணப் பெண் துறவி கொடை தந்ததும், பௌத்தக் கோயில் நிலம் பெற்றதும் ஒரே அரசன் காலத்தில்! கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் சமண, பௌத்தச் சுவடுகளைச் சேர்த்து எழுதினார். ஆனால் இது சமணம், இது பௌத்தம் என்று பிரித்தே காட்டினார்.

ஸ்ரீமூலவாசத்தைக் கடல் கொண்டுவிட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அம்பலப்புழை வட்டாரக் கரைதான் அது என்கிறார்கள். புத்தரையே பார்க்கணும் என்று அடம்பிடிக்கிறவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறேன். அம்பலப்புழைக்குப் பக்கத்தில் கருமாடியில் கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் உடைந்துபோயிருக்கிறது. ஊர்க்காரர்கள் 'கருமாடிக்குட்டன்' என்கிறார்கள்.